நூற்றிப்பத்துப் பெட்டி

எனக்கு வருகிற ஆவணியில் எழுபத்து நான்கு வயது. வளர்த்தது ஐந்து பேரை. நான்கு நான் பெற்றது. ஐந்தாவது என் கொழுந்தன் மகன். தாயில்லாத பிள்ளையை வேறு எங்கே விடுவது என்று என் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைத்துச் சோறு போட்டேன். ஐந்து பேரும் இன்று அவரவர் காலில் நிற்கிறார்கள். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

எழுத்து சுமாராகத்தான் வரும். மூன்றாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஒரு பக்கம் எழுத அரை நாள் பிடிக்கும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாக எழுதுகிறேன். ஆனால் நம்பர் என்றால் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அனுமந்தன்பட்டியில் எங்களுக்கு இரண்டு தோட்டம். ஒன்றில் திராட்சை, ஒன்றில் வாழை. வீட்டுக்காரர் போய்ப் பன்னிரண்டு வருசம் ஆகிறது. அன்றிலிருந்து மோட்டார் ரூம் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே வோல்ட் மீட்டர் உண்டு. முள் எந்த நம்பரில் நிற்கிறது என்று பார்க்காமல் நான் பச்சைப் பொத்தானை அமுக்கியதே கிடையாது. முள் இறங்கிக் கிடக்கும்போது அமுக்கினால் மோட்டார் உறுமும். உறுமினால் உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி, காயில், கருகும். பக்கத்துத் தோட்டங்களில் வருசத்துக்கு ஒரு மோட்டாராவது காயிலை மாற்றிச் சுற்ற வைண்டிங் கடைக்குப் போகும். என் மோட்டார் பன்னிரண்டு வருசத்தில் ஒரே ஒரு தடவைதான் போனது, அதுவும் இடி விழுந்ததால். எங்கள் தெருவில் கரண்டு சங்கதி எதுவானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

என் மூன்றாவது மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். மருமகனுக்கும் அங்கேதான் வேலை. ஒரே பெண் பிள்ளை, பதினோரு வயது. இந்த வருசம் அவர்கள் ஊர்க் கோடை லீவுக்குத் தாயும் பிள்ளையும் மட்டும் வந்தார்கள். வழக்கமாக வந்ததும் பெட்டியைத் திறந்து சாக்லேட்டும் சென்ட் பாட்டிலுமாக வெளியே எடுத்துப் போடுவாள், வீடே சத்தமாகிவிடும். இந்தத் தடவை முதலில் எடுத்தது லேப்டாப்பை.

"என்னத்தா, வந்ததும் வராததுமா இத எடுத்து வச்சிட்ட?" என்றேன்.

பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டுச் சொன்னாள். வேலை பார்த்த கம்பெனியில் ஆட்களைக் கும்பலாக நிறுத்தியபோது இவளையும் நிறுத்திவிட்டார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது. வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வழியாகவே இரண்டு தடவை நேர்முகம் முடிந்திருக்கிறது. கடைசி நேர்முகம் இன்னும் பதினாறு நாளில். அதை இங்கிருந்தே பேச வேண்டும். அவர்களுக்குக் காலை ஒன்பது மணி, நமக்குச் சாயங்காலம் ஆறரை.

"இதுவும் போச்சுன்னா நான் எதுக்கும் லாயக்கில்லன்னுதாம்மா அர்த்தம்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தாலும், "அடுத்த தடவை பாரு" என்று சிரித்துக்கொண்டே வருகிற பிள்ளை. அவள் வாயில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. கன்னம் வேறு ஒட்டிப் போயிருந்தது. மனதுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன். அந்தப் பேச்சுக்கு வேண்டிய படிப்பும் புத்தியும் அவள் பாடு. அந்த ஆறரை மணிக்கு இந்த வீட்டில் கரண்டு சரியாக இருக்க வேண்டியது என் பாடு.

அவள் சார்ஜரை எடுத்தாள். நடுவில் கறுப்பாகச் சோப்புக் கட்டி மாதிரி ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் வயர். பிளக்கில் நம் ஊர் உருண்டைப் பின் இல்லை. இரண்டு தட்டைத் தகடும் கீழே ஒரு குச்சியும் இருந்தன. வருகிற வழியில் தேனியில் ஒரு போன் கடையில் மாற்றுப் பிளக் ஒன்று வாங்கி வந்திருந்தாள். அமெரிக்கப் பிளக்கை அதில் செருகி, அதைக் கொண்டுபோய் நம் சாக்கெட்டில் செருக வேண்டும். செருகினாள். நின்றது. கையை எடுத்தாள், தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. உள்ளே சட்சட்டென்று பொறி பறந்தது.

நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

"அம்மா! என்னம்மா பண்ற?"

"அமெரிக்கச் சாமான். அங்கன கரண்டு நூத்திப்பத்து. இங்கன இருநூத்திமுப்பது. வெடிச்சிரும்."

"இது வெடிக்காதும்மா. ரெண்டு கரண்டுக்கும் சேத்துத்தான் செஞ்சிருக்காக. இங்கயே போட்டிருக்கு, பாரு."

"ரைஸ் குக்கர்லயும் என்னமோ போட்டுத்தான இருந்துச்சு?"

எட்டு வருசத்துக்கு முன்னால் இவள்தான் ஆசையாக ஒரு ரைஸ் குக்கரை அமெரிக்காவிலிருந்து தூக்கி வந்தாள். சிவப்பு நிறம், பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரையும் சுற்றி நிற்க வைத்து, அரிசியைக் களைந்து போட்டு, சுவிட்சைப் போட்டாள். பத்து எண்ணுவதற்குள் பட்டென்று ஒரு சத்தம், குப்பென்று புகை. வீட்டு விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. அந்த அரிசியை நான் விறகடுப்பில் வைத்து வடித்துப் போட்டேன். புகை வாடை ஒரு வாரம் போகவில்லை.

ரைஸ் குக்கர் வெடித்தால் போகிறது. இந்த லேப்டாப் வெடித்தால் ஆறரை மணிக்கு என் மகள் எதை வைத்துப் பேசுவாள்?

மறுநாள் காலையில் கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே வைண்டிங் கடை வைத்திருக்கிறவனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவன் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கம். எனக்குப் பிள்ளை மாதிரி, அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

"வா பெரியம்மா. மோட்டார் போச்சா?" என்றான்.

"ஏலே, என் மோட்டார் போகுமா? வாயக் கழுவு."

"பின்ன என்ன, என்னயப் பாக்கவா வந்த?"

"இருநூத்திமுப்பத நூத்திப்பத்தா எறக்கித் தர்ற பெட்டி ஒண்ணு வேணும்."

கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "எதுக்கு?"

"அமெரிக்க மெஷினுக்கு."

"என்ன மெஷினு?"

லேப்டாப் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், மகள் சொன்னதையே இவனும் சொல்லிவிடுவானோ என்று ஒரு பயம். அவன் வாயிலும் அது வந்துவிட்டால் நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"வீட்டு மெஷினுதாண்டா. கேட்டதச் செய்யி."

"மெஷினு மேல ஒட்டியிருக்குற பிளேட்டுல என்ன வோல்ட்டு போட்டிருக்கு, பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

நான் பார்க்கவில்லை. மகள் சார்ஜரைத் திருப்பிக் காட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இருந்தும் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் குறைவு, அன்று மட்டும் அவ்வளவு சுலபமாக வந்தது.

"நீ பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் நூற்றிப்பத்து என்று எழுதிக்கொண்டான்.

நான்காம் நாள் பெட்டி தயார். ஒரு பழைய ஸ்டார்ட்டர் தகரப் பெட்டிக்குள் காயில் சுற்றி அடக்கி, சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்து, மேலே கைப்பிடி வைத்திருந்தான். தட்டைப் பின் ஏறுகிற மாதிரி சாக்கெட்டும் தேடிப் பிடித்து வைத்திருந்தான். கனம் என்றால் அப்படி ஒரு கனம். பஸ்ஸில் ஏற்றுவதற்குள் இடுப்புக் கழன்றுவிட்டது.

"என்ன ஆத்தா, பெட்டிக்குள்ள அம்மியா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"அமெரிக்கா கரண்டு" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

வீட்டு வாசலில் இறக்கியதும் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி எனக்கு மதினி முறை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏ மதினி, நெசமாவே இதுக்குள்ள அமெரிக்கா கரண்டா இருக்கு?"

"தொட்டுப் பாக்குறியா?"

"ஐயையோ, எம் பேரனுக்கு இன்னும் காது குத்தல!"

எட்டுப் பத்துப் பேருக்கு நின்று விளக்கம் சொன்னேன். உள்ளே போவது இருநூற்று முப்பது, வெளியே வருவது நூற்றிப்பத்து, ரைஸ் குக்கர் கதை இனி இந்த வீட்டில் கிடையாது என்று. மகள் நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு பிளக்கை எடுத்துப் பெட்டி மேல் செருகினாள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, தொங்கவே இல்லை. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது.

"சரி, இதுலயாவது பிளக்கு விழாம நிக்குது. இதுலயே போட்டுக்கிறேன்" என்றாள்.

பெட்டி வேலை செய்யும்போது ம்ம்ம் என்று முனகும். பேத்தி அதன் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இது தூங்குது, குறட்டை விடுது" என்றாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும். அங்கே ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறார்கள்.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. மகள் பகலெல்லாம் லேப்டாப்பில் உட்கார்ந்து படித்தாள். பெட்டி முனகியது. நான் போகவர அதைப் பார்த்துக்கொள்வேன்.

நேர்முகம் வைத்த வாரத்தில்தான் ஒன்று நடந்தது. எங்கள் பக்கம் தோட்டங்களுக்கு மோட்டார் ஓட்டுகிற மூணு பேஸ் கரண்டு முறை வைத்துத்தான் வரும். அதுவரைக்கும் விடியற்காலை முறையாக இருந்தது. சரியாக நேர்முகத்தன்றுதான் சாயங்கால முறைக்கு மாற்றினார்கள். நான்கு மணிக்குப் பேஸ் வந்ததும் அத்தனை தோட்டத்து மோட்டாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கும். ஊருக்குள் வீட்டு விளக்கு மங்கும், பேன் சோம்பேறித்தனமாகச் சுற்றும். எங்களுக்கு இது பழகிப் போனது, யாரும் தலைதூக்கிப் பார்ப்பதுகூட இல்லை. நானும் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று மோட்டார் ரூம் சாவியைத் தோட்டத்து ஆளிடம் கொடுத்திருந்தேன். அவரும் என் மோட்டாரைப் போட்டுவிட்டார்.

மகள் நான்கு மணியிலிருந்து லேப்டாப்பைத் திறந்து வைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை சீவி, மேலுக்குக் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே வீட்டில் போடுகிற பூப்போட்ட பைஜாமா. "மேசைக்குக் கீழ யாருக்கும் தெரியாதும்மா" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பைப் பார்த்தேன். விபூதி பூசிவிட்டேன். கேமராவில் தெரியும் என்று துடைத்துவிட்டாள். கழுத்துக்குக் கீழே பூசிவிட்டேன்.

ஆறு மணி தாண்டியிருக்கும். "அம்மா" என்று கூப்பிட்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"என்னத்தா?"

"சார்ஜ் ஏறல. பன்னெண்டுதான் இருக்கு. நாலு மணில இருந்தே ஏறல போல."

அது பழைய லேப்டாப். வயரில்லாமல் இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது என்று முன்பே சொல்லியிருந்தாள்.

"பெட்டி முனகுதே?"

"முனகுது. ஆனா சார்ஜர்ல வெளக்கு எரியலம்மா. நான் கவனிக்கவே இல்லயே."

"போன்ல பேச முடியாதா?"

"கம்ப்யூட்டர்ல வேலை செஞ்சு காட்டச் சொல்வாகம்மா. போன்ல எப்படிம்மா காட்டுறது?" என்றவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேலே பேனைப் பார்த்தேன், மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறோம், அதில் ஒரு மீட்டர் உண்டு. ஓடிப் போய்ப் பார்த்தேன். முள் நூற்றைம்பதில் கிடந்தது.

நம்பர் எனக்கு வரும் என்று சொன்னேன் அல்லவா? நின்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. என் பெட்டி வருகிற கரண்டைப் பாதிக்கும் கீழாக்கித் தருகிற பெட்டி. இருநூற்று முப்பது வந்தால் நூற்றிப்பத்து தரும். நூற்றைம்பது வந்தால் எழுபத்தைந்துகூடத் தராது.

திரும்பி வந்து சார்ஜரைக் கையில் எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பினேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து. பேத்தி, "நான் படிக்கட்டா அம்மாச்சி?" என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எழுத்துத்தான் இங்கிலீஷ். நம்பர் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். நூறு. ஒரு சின்னக் கோடு. இருநூற்று நாற்பது.

பதினைந்து நாளாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நூற்றிலிருந்து இருநூற்று நாற்பது வரைக்கும் எதைக் கொடுத்தாலும் தின்கிற சார்ஜர். அதை நான்தான் எழுபதைக் கொடுத்துப் பட்டினி போட்டிருக்கிறேன். சுவரிலிருந்து நேராக நூற்றைம்பதைக் கொடுத்திருந்தாலும் வயிறு நிறைந்திருக்கும்.

"பெட்டியத் தூக்கு" என்றேன்.

"என்னம்மா?"

"பெட்டி வேணாம். செவுத்துல நேராப் போடு. நீ சொன்னதுதான் சரி."

அவளைப் பெற்ற நாளிலிருந்து நான் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். பிறகு இரண்டு பேருமாகப் பெட்டியை இழுத்துத் தள்ளினோம். தேனிக் கடையில் வாங்கிய மாற்றுப் பிளக்கைத் தேடி எடுத்துச் சுவரில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. கையை எடுத்தாள், தொங்கியது, அணைந்தது. அமுக்கினாள், எரிந்தது. விட்டாள், அணைந்தது. ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தோம். துணியை மடித்து அண்டக் கொடுத்தோம். நிற்கவில்லை. மணி ஆறு இருபத்தி நாலு. லேப்டாப்பில் சார்ஜ் ஒன்பது என்று காட்டியது.

"நகரு. நான் புடிச்சுக்கிறேன்" என்றேன்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்மா!"

"ஆகட்டும். நீ மேல பாரு, கீழ நான் பாத்துக்கிறேன்."

மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரைத் தொடும்போது காய்ந்த பலகை மேல் நிற்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்குள் செருப்போடு யார் வந்தாலும் நான் விடமாட்டேன். அன்று நானே செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். அடுப்படியிலிருந்து மணைக்கட்டையை எடுத்து மேசைக்கு அடியில் போட்டு உட்கார்ந்தேன். சாக்கெட் தரையிலிருந்து ஒரு முழ உயரம். வலது கையால் பிளக்கைச் சுவரோடு சேர்த்து அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது, எரிந்தபடியே நின்றது.

மேலே பேச்சு ஆரம்பித்தது. மூன்று பேர் குரல், இரண்டு ஆண், ஒரு பெண். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது மகளின் கால் மட்டும்தான். முதலில் பத்து விரலும் தரையை அள்ளிப் பிடித்த மாதிரி மடங்கியிருந்தன. அவர்கள் ஏதோ கேட்பார்கள், விரல் இன்னும் மடங்கும். இவள் பதில் சொல்லச் சொல்லக் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். இருபது நிமிசம் இருக்கும், இடது கால் எழும்பி வலது கால் மேல் ஏறி மெல்ல ஆட ஆரம்பித்தது. சின்னப் பிள்ளையில் கணக்கு சரியாக வந்துவிட்டால் அப்படித்தான் ஆட்டுவாள். எனக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் எதிர்வீட்டுக்காரி.

"ஏ மதினி! எங்க மருமகன் வந்திருக்காரு. அமெரிக்கா கரண்டுப் பெட்டியப் பாக்கணும்ங்குறாரு!"

பேத்தி வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் எதிர்வீட்டுக்காரி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டாள். மேசைக்கு அடியில், வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி, வாய் பேசாமல் நான். பெட்டி ஒரு ஓரமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. அவள் என்ன நினைப்பாள்?

"ஐயையோ! மதினியக் கரண்டு புடிச்சிருச்சே!"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அது உதறுகிற மாதிரி இருந்திருக்கும் போல. சிரித்துக் காட்டினேன், பல்லைக் கடிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கரண்டு பிடித்தவரைக் கையால் தொடக் கூடாது, காய்ந்த கட்டையால் தட்டிவிட வேண்டும் என்று தெருவுக்கே சொல்லிக் கொடுத்தது நான்தான். அவள் நல்ல மாணவி. கதவுக்குப் பின்னால் நின்ற துணி காயப்போடும் கம்பை எடுத்து ஓங்கிக்கொண்டு வந்தாள். பேத்தி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். மேலே மகளின் கால் ஆடாமல் நின்றுவிட்டது.

என் இடது கை சும்மாதான் இருந்தது. மடியில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். கரண்டு பிடித்தவள் பாக்குப் போடமாட்டாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கம்பைக் கீழே விட்டாள். பேத்தி அவளை அப்படியே பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

மேலே இருந்து ஒரு குரல் ஏதோ கேட்டது. என் மகள் நிதானமாக என்னவோ சொன்னாள். சொல்லி முடித்ததும் மூன்று பேரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இடது கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

ஏழே முக்காலுக்கு முடிந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு அவளும் மேசைக்கு அடியில் வந்து உட்கார்ந்தாள். என் விரல் பிளக்கைவிட்டுப் பிரிய மறுத்துவிட்டது. ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்துவிட்டுத் தேய்த்தாள்.

"என்னத்தா கேட்டாக?"

"நெறைய கேட்டாக. எல்லாத்துக்கும் சொல்லிட்டேன்."

"நடுவுல சிரிச்சாகளே?"

"அங்க என்ன சத்தம்னு கேட்டாகம்மா. எங்கம்மா பிளக்கக் கையால புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக, பக்கத்து வீட்டம்மா காப்பாத்த வந்திருக்காகன்னு சொன்னேன்."

"மானத்த வாங்கிட்டியே!"

"அவுகள்ல ஒருத்தர், உங்கம்மாவுக்குக் கை வலிக்காம சீக்கிரம் முடிச்சிருவோம்னு சொன்னாரு. அப்புறமும் முக்கா மணி நேரம் கேட்டாரு."

ஐந்து நாள் கழித்துச் சேதி வந்தது. நான் திராட்சைப் பந்தலில் இலை கிள்ளிக்கொண்டிருந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். தாயும் மகளும் நடந்தே வந்தார்கள். பந்தலுக்குள் குனிந்து குனிந்து என்னிடம் வந்து, நிமிர முடியாமல், குனிந்தபடியே என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துக்கிட்டாகம்மா" என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அன்று ராத்திரி நான்கு தோசை சாப்பிட்டாள், ஐந்தாவது கேட்டாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. தெருவெல்லாம் மகள், "எங்கம்மா புடிச்ச பிளக்குதான் எனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது ஊர் தாண்டிக் கம்பம் வரைக்கும் போய், போகிற வழியில் உருமாறி, வைண்டிங் கடைக்காரன் வருகிறவர்களிடம் எல்லாம், "நான் சுத்துன பெட்டில ஓடித்தான் அந்தப் புள்ளைக்கு அமெரிக்காவுல வேலை கெடச்சிருக்கு" என்கிறானாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன்.

"வா பெரியம்மா! என் பெட்டி எப்படி?"

"ஒம் பெட்டி நல்ல பெட்டி. நாந்தான் பொல்லாதவ. மெஷினு மெஷினுன்னு சொன்னேன்ல, அது லேப்டாப்பு."

"லேப்டாப்பா? அதுக்கு எதுக்குப் பெட்டி? பிளேட்டப் பாத்தேன்னு சொன்னயே?"

"பாக்கல."

டீ கிளாஸ் அவன் கையில் அப்படியே நின்றது. "பெரியம்மா, நீயா? பிளேட்டப் பாக்காமயா?"

"நாந்தான். இன்னொரு தடவை கேக்காத."

அவன் சிரித்த சிரிப்பில் டீ முழுக்கச் சட்டையில். "நாலு ஊருக்குச் சொல்லிட்டனே!" என்றான்.

"நானும் ஒரு தெருவுக்குச் சொல்லித்தான வச்சிருக்கேன். நான் அங்கன மாத்திச் சொல்றேன், நீ இங்கன மாத்திச் சொல்லு."

பெட்டியால் இல்லை, சுவரில் நேராகப் போட்டதால்தான் காரியம் நடந்தது என்று தெருவில் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக்காரி சிரித்துவிட்டு, அந்தக் கம்பை இன்னும் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். மகளிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. பெட்டி சார்ஜரைப் பட்டினி போட்டது அவளுக்குத் தெரியும். அவளைப் பற்றிக் கவலைப்பட்டுத்தான் அம்மா தப்புச் செய்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது பாதிதான். மீதிப் பாதி, அவள் சொல்லியும் பார்க்காமல் இருந்துவிட்டு, பார்த்தேன் என்று கம்பத்தில் போய் நான் சொன்ன பொய். அவளிடம் நேராகச் சொல்லப் போனால் வாய் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார்கள். அதனால்தான் பேத்தியிடம் ஒரு நோட்டு வாங்கி, பத்து நாளாக உட்கார்ந்து இதை எழுதினேன். எழுத்து கோணல்தான், ஆனாலும் என் எழுத்து.

மகள் அடுப்படியில் இருக்கிறாள். பேத்தி வாசலில் நிற்கிறாள்.

"ஏ தாயி, இங்கன வா. இப்படிப் பக்கத்துல உக்காரு. நான் எழுதுனது சரியா இருக்கான்னு மொதல்ல இருந்து வாசி. மெதுவா வாசிச்சாப் போதும். வைண்டிங் கடை வர்ற எடத்துல மட்டும் நல்லாச் சத்தமா வாசி, அங்கன உங்கம்மாவுக்குக் கேக்கணும்."